சாலை விபத்துக் காயம்: சமரசத்தில் கையெழுத்திடும் முன் அறிய வேண்டிய இழப்பீட்டுக் கணக்கு

சந்திரகிரி: ஆந்திர மாநிலம் சந்திரகிரியை அடுத்த பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் 2022 மார்ச் 26 அன்று இரவு தனியார் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்தது. தர்மாவரத்திலிருந்து திருப்பதிக்கு நிச்சயதார்த்த விழாவுக்காக அதில் பயணம் செய்தவர்களில் குறைந்தது 7 பேர் உயிரிழந்தனர்; 40க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். உயிரிழந்தோர் குடும்பத்தினருக்குத் தலா 2 லட்சம் ரூபாயும், காயமடைந்தோருக்குத் தலா 50,000 ரூபாயும் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து வழங்கப்படும் என்று மறுநாளே அறிவிக்கப்பட்டது.

பெரிய விபத்துகள் நிகழும்போதெல்லாம் இத்தகைய அறிவிப்புகள் வெளியாகின்றன. அந்தத் தொகையுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிவிடக் கூடாது. அது அரசு இரக்கத்தின் பேரில் வழங்கும் நிவாரணம். சட்டப்படி கோரிப் பெற வேண்டிய இழப்பீடு வேறு. நிவாரணம் பெற்றவர் என்பதற்காகத் தீர்ப்பாயத்தை அணுகும் உரிமையை எவரும் இழப்பதில்லை.

சட்டம் ஈடுசெய்ய முயல்வது காயத்தை மட்டுமன்று. அந்தக் காயத்தால் ஒருவர் இழந்த வருவாய், இனி இழக்கப்போகும் வருவாய், வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டிய செலவு ஆகியவற்றையும் அது கணக்கில் கொள்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் சமரச அழைப்போ இவற்றின் முழு அளவு தெரியவருவதற்கு முன்பே வந்துவிடக்கூடும். ஒரு முறை உடன்பட்டுக் கையெழுத்திட்டுவிட்டால், பின்னர் காயம் மோசமானாலும் வழக்கை மீண்டும் திறப்பது மிகக் கடினம். எனவே, கணக்கை முதலில் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

மூன்று வழிகள்

சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் முக்கியமாக மூன்று வழிகளை அளிக்கிறது. 2019இல் இச்சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்களில் இழப்பீடு தொடர்பானவை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, மோதிய வாகனம் எதுவென்றே தெரியாத நிலை. மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனத்தை அடையாளம் காண இயலாவிட்டால், 161ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும். இதற்கான விண்ணப்பத்தைக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் அளிக்க வேண்டும். பின்னர் அந்த வாகனம் அடையாளம் காணப்பட்டு வேறு இழப்பீடு கிடைத்தால், இத்தொகையைத் திருப்பிச் செலுத்த நேரிடும்.

இரண்டாவது, 164ஆம் பிரிவு. ஓட்டுநர் மீது தவறு இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் என்று தொகை நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளது. விரைவில் முடியக்கூடிய வழி என்றபோதிலும், இழப்பு எவ்வளவு பெரிதாயினும் தொகை உயராது.

மூன்றாவது, 166ஆம் பிரிவு. வாகன ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பித்து, உண்மையான இழப்பு முழுவதையும் கோரும் வழி இது. தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. கவனக்குறைவைக் குற்றவியல் வழக்கில்போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அதற்கான சாத்தியமே மிகுதி என்று காட்டினால் போதும்.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையே உள்ள ஒரு நிபந்தனையைப் பாதிக்கப்பட்டவர்கள் தவறாமல் அறிந்திருக்க வேண்டும். 164ஆம் பிரிவின்படி நிலையான தொகையை உரிய நடைமுறையில் ஏற்றுக்கொண்டவரின் 166ஆம் பிரிவு மனு தானாகவே காலாவதியாகிவிடும். கை அல்லது கால் நிரந்தரமாகச் செயலிழந்த ஒருவர் இரண்டரை லட்சம் ரூபாயை ஏற்றுக்கொண்டால், அதைவிடப் பன்மடங்கு கிடைக்கக்கூடிய வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

எங்கே, எப்போது மனு அளிப்பது?

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருமலைக்குச் செல்லும் தமிழகப் பக்தர்கள் பலர் சந்திரகிரியைக் கடந்தே திருப்பதியை அடைகின்றனர். ஸ்ரீவாரி மெட்டு படிவழியில் மலையேறுவோர் வந்து சேரும் சீனிவாச மங்காபுரமும் இதன் அருகிலேயே உள்ளது. அண்டை மாநிலத்தில் விபத்துக்குள்ளான ஒருவர், வழக்குக்காக ஒவ்வொரு முறையும் அங்கேயே செல்ல வேண்டுமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

அதற்குத் தேவையில்லை. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்த எல்லைக்குட்பட்ட மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தையும் மனுதாரர் தம் விருப்பப்படி அணுகலாம். சந்திரகிரியில் காயமடைந்த வேலூர்வாசி வேலூரிலேயே மனு அளிக்கலாம். ஆனால், முதல் தகவல் அறிக்கை, விபத்து இடத்தின் வரைபடம், வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவை ஆந்திரக் காவல் நிலையத்திலிருந்தே பெறப்பட வேண்டும். தெலுங்கில் உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

காவல்துறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். விரிவான விபத்து அறிக்கையை 90 நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. இந்நடைமுறையை நாடு முழுவதும் செயல்படுத்துமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவான வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது.

கால வரம்பும் முக்கியமானது. திருத்தப்பட்ட சட்டத்தின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனு அளிக்க வேண்டும். இந்த வரம்பை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில், காலதாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பாகாது என்பதால், 6 மாதங்களுக்குள் மனு அளிப்பதே பாதுகாப்பானது.

உடனடிச் சிகிச்சைக்கான செலவு

இழப்பீடு பின்னர் வரும். மருத்துவமனைச் செலவோ முதல் நாளிலேயே தொடங்கிவிடும். சாலை விபத்தில் காயமடைந்தோருக்கான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்தது. அதன்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள்கள் வரை, ஒருவருக்கு அதிகபட்சமாக ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையை இத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் பணம் செலுத்தாமல் பெறலாம். வரம்பைக் கடந்த செலவுக்கான ரசீதுகளைப் பாதுகாத்து வைத்தால் அவற்றை இழப்பீட்டு மனுவில் கோரலாம்.

எந்தெந்தத் தலைப்புகளில் தொகை கிடைக்கும்?

காயம் தொடர்பான வழக்குகளில் இழப்பீட்டை நீதிமன்றங்கள் இரண்டு பெரும்பிரிவுகளாகப் பிரித்துக் காண்கின்றன. ஒன்று, பணத்தால் அளவிடக்கூடிய இழப்பு. மற்றொன்று, பணத்தால் நேரடியாக அளவிட இயலாத இழப்பு.

முதல் பிரிவில் மருத்துவச் செலவு, மருந்து, ஊட்ட உணவு, மருத்துவமனைக்குச் சென்றுவந்த வண்டிச் செலவு, படுக்கையில் இருந்த மாதங்களின் வருவாய் இழப்பு, நிரந்தர ஊனத்தால் எதிர்காலத்தில் ஏற்படும் வருவாய் இழப்பு, எதிர்கால அறுவைச் சிகிச்சைக்கான செலவு, உதவியாளருக்கான ஊதியம் ஆகியவை அடங்கும். வலி, மன வேதனை, வாழ்க்கையின் இயல்பான இன்பங்களை இழத்தல், திருமண வாய்ப்பு குறைதல், ஆயுள் குறைதல் ஆகியவை இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவை.

காயம் ஆறிவிடக்கூடியதாக இருந்தால், மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருவாய் இழப்பு, வலிக்கான தொகை ஆகியவையே பெரும்பாலும் வழங்கப்படும். நிரந்தர ஊனம் என்று மருத்துவச் சான்றால் உறுதிப்படும்போதுதான் எதிர்கால இழப்புகள் கணக்கில் சேரும். மொத்த இழப்பீட்டில் பெரும்பங்கு பொதுவாக அங்கிருந்தே வருகிறது.

ஊன விழுக்காடும் வருவாய் இழப்பும் ஒன்றல்ல

மருத்துவச் சான்றிதழில் '45 விழுக்காடு ஊனம்' என்று எழுதப்பட்டிருந்தால், 45 விழுக்காடு வருவாய் போய்விட்டது என்று பொருளாகாது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 அக்டோபர் 18 அன்று வழங்கிய தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. காயம் தொடர்பான இழப்பீட்டுக் கணக்குக்கு இன்றளவும் அடிப்படையாக விளங்குவது அத்தீர்ப்பே.

அதன்படி தீர்ப்பாயம் மூன்று படிகளில் ஆராய வேண்டும். காயத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவரால் எந்தெந்த வேலைகளைச் செய்ய இயலும், எவற்றைச் செய்ய இயலாது என்று முதலில் பார்க்க வேண்டும். விபத்துக்கு முன் அவர் என்ன தொழில் செய்தார், அவருடைய வயது என்ன என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அதே தொழிலைத் தொடர முடியுமா, முடியாவிட்டால் வேறு தொழில் செய்து பிழைக்க வழியுண்டா என்பது மூன்றாவது படி.

அத்தீர்ப்பில் நீதிமன்றமே ஓர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால், அவருடைய வருவாய் இழப்பு ஏறக்குறைய நூறு விழுக்காடாகிவிடும். அதே கையை இழந்தவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பணியில் தொடர்வாரானால் வருவாய் இழப்பே இல்லாமலும் போகலாம். அப்போது வாழ்க்கை வசதியை இழந்ததற்கான தொகை கூடுதலாக வழங்கப்படும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. சான்றிதழில் உள்ள விழுக்காடு ஓர் உறுப்புக்கு உரியதா, முழு உடலுக்கும் உரியதா என்று கேட்டறிய வேண்டும். காலின் ஊனம் 45 விழுக்காடு என்றால், முழு உடலுக்கான ஊனம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த எண்ணை மருத்துவர் தீர்ப்பாயத்தில் சாட்சியம் அளித்து விளக்க வேண்டும். தொழிலுக்கு அந்தக் காயம் எவ்வாறு இடையூறு என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. இக்காரணத்தால், சிகிச்சை அளித்த மருத்துவரின் சாட்சியம் வழக்கின் போக்கையே மாற்றிவிடக்கூடியது.

கணக்கு எவ்வாறு போடப்படுகிறது?

எதிர்கால வருவாய் இழப்பைக் கணக்கிட நான்கு எண்கள் தேவை. மாத வருமானம், எதிர்காலத்தில் அது உயரக்கூடிய அளவு, வயதுக்கேற்ற பெருக்கல் எண், வருவாய் ஈட்டும் திறன் இழப்பின் விழுக்காடு ஆகியவையே அவை.

பெருக்கல் எண்ணை 2009ஆம் ஆண்டின் சர்ளா வர்மா வழக்குத் தீர்ப்பு வரையறுத்தது. 15 முதல் 25 வயது வரை 18. 26 முதல் 30 வரை 17. 31 முதல் 35 வரை 16. 36 முதல் 40 வரை 15. 41 முதல் 45 வரை 14. 46 முதல் 50 வரை 13. 51 முதல் 55 வரை 11. 56 முதல் 60 வரை 9. 61 முதல் 65 வரை 7. அதற்கு மேல் 5 என்பதே அந்த அட்டவணை.

வருமான உயர்வை 2017 அக்டோபர் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் வரையறுத்தது. நிரந்தரப் பணியில் உள்ளவர் 40 வயதுக்கு உட்பட்டவராயின் வருமானத்துடன் 50 விழுக்காடும், 40 முதல் 50 வயது வரை 30 விழுக்காடும், 50 முதல் 60 வயது வரை 15 விழுக்காடும் சேர்க்கப்படும். சுயதொழில் செய்வோருக்கும் நிலையான ஊதியம் பெறுவோருக்கும் இவை முறையே 40, 25, 10 விழுக்காடு. இவ்வழக்கு உயிரிழப்பு தொடர்பானது என்றாலும், நிரந்தர ஊனமுற்றோருக்கும் இந்த உயர்வு பொருந்தும் என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது.

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 34 வயதுடைய ஒரு கட்டடத் தொழிலாளி மாதம் 15,000 ரூபாய் ஈட்டியதாகவும், காலில் ஏற்பட்ட முறிவால் அவருடைய வருவாய்த் திறன் 30 விழுக்காடு குறைந்ததாகவும் கொள்வோம். 40 விழுக்காடு உயர்வைச் சேர்த்தால் மாத வருமானம் 21,000 ரூபாய். ஆண்டுக்கு 2,52,000 ரூபாய். அதைப் பெருக்கல் எண் 16ஆல் பெருக்கினால் 40,32,000 ரூபாய். அதில் 30 விழுக்காடு 12,09,600 ரூபாய். மருத்துவச் செலவு, வலிக்கான தொகை முதலியவை இதற்கு மேல் தனியே சேரும்.

உயிரிழப்பு வழக்குகளில், இறந்தவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது வழக்கம். காயமடைந்தவர் உயிருடன் இருந்து தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவர் என்பதால், அவருக்கு அந்தக் கழிவு பொருந்தாது. சமரசப் பேச்சில் அவ்வாறு கழிக்கப்பட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் மாத வருமானம் 15,000 ரூபாய் என்பதற்குச் சான்று இல்லாமல், தீர்ப்பாயம் 10,000 ரூபாய் என்று கொண்டால், எதிர்கால வருவாய் இழப்பு 8,06,400 ரூபாயாகக் குறைந்துவிடும். ஒரு சான்று இல்லாததன் விலை 4,03,200 ரூபாய்.

வருமானச் சான்று இல்லாதோர்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மாந்தோப்பு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்வோரிடம் சம்பளச் சீட்டு இருப்பதில்லை. சீட்டு இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்று தீர்ப்பாயம் முடிவுசெய்ய முடியாது. அந்தக் காலத்தில் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், அப்பகுதியில் வழங்கப்பட்ட நாள் கூலி, வேலை கொடுத்தவரின் சாட்சியம் ஆகியவற்றை வைத்து வருமானம் மதிப்பிடப்படும். வங்கிக் கணக்கில் வரவான கூலி, ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை, தொழிலாளர் நல வாரிய அடையாள அட்டை ஆகியவையும் உதவக்கூடும்.

இல்லத்தரசிகளுக்கும் இழப்பீட்டு உரிமை உண்டு. வீட்டு வேலைக்கு ஊதியம் இல்லை என்பதற்காக அதற்கு மதிப்பில்லை என்று கொள்ளக் கூடாது என உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. 2021 ஜனவரியிலும் அதையே வலியுறுத்தியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை 2020 பிப்ரவரியில் வெளியான ஒரு தீர்ப்பு கவனிக்கத்தக்கது. ஹரியாணாவில் 2007இல் நேர்ந்த விபத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி தலையில் காயமுற்று, வாழ்நாள் முழுவதும் பிறர் உதவியுடன் வாழ வேண்டிய நிலைக்கு ஆளானாள். பணி செய்யாத சிறுமிக்கு வருமானமே இல்லை என்று கருதாமல், திறன்மிகு தொழிலாளிக்குரிய குறைந்தபட்ச ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது. இரண்டு உதவியாளர்களுக்கான ஊதியத்தையும் பெருக்கல் எண்ணைப் பயன்படுத்தி வாழ்நாள் முழுமைக்கும் கணக்கிட்டது. மொத்த இழப்பீடு 62 லட்சம் ரூபாய்க்கு மேல் உயர்ந்தது. உதவியாளர் செலவை மொத்தமாக ஒரு சிறு தொகையாக நிர்ணயிப்பதற்கும், ஆண்டுக்கணக்கில் கணக்கிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இத்தீர்ப்பு காட்டுகிறது.

காப்பீடு கைகொடுக்காத தருணங்கள்

சாலையில் செல்லும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆயினும் வாகனத்தில் பயணம் செய்த எல்லாருக்கும் அது பொருந்தாது.

2025 ஜூலையில் அன்னமய்யா மாவட்டம் புல்லம்பேட்டை அருகே மாம்பழம் ஏற்றிச் சென்ற லாரி கவிழ்ந்ததில், அதன் மீது அமர்ந்து சென்ற தொழிலாளர்கள் 9 பேர் உயிரிழந்தனர். சரக்கு வாகனத்தில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வது இப்பகுதியில் அன்றாடக் காட்சி. இத்தகைய வாகனத்தில் கட்டணம் செலுத்தியோ இலவசமாகவோ பயணிகளாகச் செல்வோருக்குச் சட்டப்படியான காப்பீட்டுப் பாதுகாப்பு கிடையாது என்பது 2002இன் இறுதியிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. சரக்கின் உரிமையாளர், அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி, வாகனத்தில் பணிபுரிபவர் ஆகியோரின் நிலை வேறு. எனவே, தொழிலாளி அந்த வாகனத்தில் எந்த நிலையில் பயணம் செய்தார் என்பதே அவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. காவல் நிலையத்தில் முதல் வாக்குமூலம் அளிக்கும்போதே இதனைச் சரியாகப் பதிவுசெய்ய வேண்டும்.

ஓட்டுநரிடம் உரிமம் இல்லாவிட்டால் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டும் என்பதில்லை. பல வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டுப் பின்னர் வாகன உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு உத்தரவிடப்படுகிறது. 2004ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதற்கு அடிப்படை.

தம் சொந்த இருசக்கர வாகனத்தைத் தாமே ஓட்டிச் சென்று, பிறர் தவறின்றி விழுந்து காயமடைந்தவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார். அவருக்கு உதவக்கூடியது உரிமையாளர்–ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. அதன் காப்பீட்டுத் தொகை 15 லட்சம் ரூபாய். உயிரிழப்புக்கும் குறிப்பிட்ட நிரந்தர ஊனங்களுக்குமே அது பொருந்தும். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது இப்பகுதி சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணமாக இருந்தால், அந்த அளவுக்கு இழப்பீடு குறைக்கப்படும். ஆனால் விதிமீறல் மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது. இருசக்கர வாகனத்தில் மூவர் சென்றனர் என்பது மட்டுமே தொகையைக் குறைக்கப் போதாது என்றும், அந்த விதிமீறலுக்கும் விபத்துக்கும் அல்லது காயத்துக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

சமரசம்: எப்போது, எவ்வாறு?

சமரசத்தைச் சட்டமே ஊக்குவிக்கிறது. 149ஆம் பிரிவின்படி, விபத்துத் தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் ஓர் அலுவலரை நியமித்து, 30 நாள்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன் சமரசத் தொகையை முன்மொழியலாம். மனுதாரர் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவுசெய்யும்; அடுத்த 30 நாள்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். ஏற்க மறுத்தால் வழக்கு வழக்கம்போல விசாரிக்கப்படும். மறுப்பதால் மனுதாரரின் உரிமைக்கு எந்தக் குறைவும் நேராது.

மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்திலும் விபத்து வழக்குகள் பெருமளவில் முடிக்கப்படுகின்றன. கட்டணம் இல்லை, காலம் மிச்சமாகும், மேல்முறையீடு என்று எதிர்த்தரப்பு இழுத்தடிக்க முடியாது. அதே காரணத்தால் மனுதாரரும் பின்வாங்க முடியாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. மிகக் குறுகிய காரணங்களுக்காக மட்டுமே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு வழியாக அதை எதிர்க்க இயலும்.

எனவே, கையெழுத்திடும் முன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். சிகிச்சை முடிந்துவிட்டதா? எலும்பில் பொருத்திய தகட்டை எடுக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவைப்படுமா? ஊன விழுக்காடு மருத்துவக் குழுவால் மதிப்பிடப்பட்டதா? பழைய வேலைக்குத் திரும்ப முடியும் என்பது உறுதியா? வருமான உயர்வு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளதா? மனு அளித்த நாளிலிருந்து கிடைக்கக்கூடிய வட்டி தனியே வருகிறதா, மொத்தத் தொகைக்குள் அடக்கப்பட்டுள்ளதா?

வட்டி சிறு தொகை அன்று. மேற்கண்ட எடுத்துக்காட்டில் உள்ள 12,09,600 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு தனிவட்டி என்று கொண்டால், மூன்று ஆண்டுகளில் அது 2,54,016 ரூபாய் ஆகும்.

இதனால் சமரசமே கூடாது என்பது பொருளன்று. கடன் வாங்கிச் சிகிச்சை பெற்ற குடும்பத்துக்கு, ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் பெருந்தொகையைவிட இன்று கிடைக்கும் நியாயமான தொகை பயன்தரக்கூடும். தீர்ப்பாயம் அளிக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று அறிந்த பிறகு, அதில் எவ்வளவை விட்டுக்கொடுப்பது என்று முடிவுசெய்வதே சமரசம்.

ஆவணங்களும் பணம் வரும் வழியும்

முதல் தகவல் அறிக்கையின் நகல், விபத்துப் பதிவேட்டின் நகல், மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது தரப்பட்ட சுருக்கக் குறிப்பு, எக்ஸ்ரே படங்கள், மருந்து ரசீதுகள், வாடகை வண்டி ரசீதுகள், ஊனச் சான்றிதழ், வயதுச் சான்று, வருமானச் சான்று, வாகனத்தின் பதிவு மற்றும் காப்பீட்டு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருப்பது நல்லது. முதல் நாள் மருத்துவமனைப் பதிவேட்டில் 'சாலை விபத்து' என்பதற்குப் பதிலாகக் 'கீழே விழுந்தார்' என்று எழுதப்பட்டிருந்தால், பின்னர் அதுவே எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும்.

ஆயுள் காப்பீட்டுத் தொகை, வருங்கால வைப்பு நிதி ஆகியவை கிடைத்தன என்பதற்காக இழப்பீடு குறைக்கப்படுவதில்லை.

தீர்ப்பில் நிறைவடையாதவர் 173ஆம் பிரிவின்படி 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால், மேல்முறையீட்டில் எழுப்பப்படும் தொகை ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அது அனுமதிக்கப்படாது. இழப்பீட்டுத் தொகையை மனுதாரரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தும் முறையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இடைத்தரகர்கள் மூலம் பணம் வரும் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை.

வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றியும், பிறருக்கு அரசு நிர்ணயித்த வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவசச் சட்ட உதவி வழங்கப்படுகிறது. நீதிமன்ற வளாகங்களில் இந்த ஆணையத்தின் அலுவலகங்கள் இயங்குகின்றன. சமரச ஆவணத்தில் கையெழுத்திடும் முன், அதில் உள்ள தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை அங்கேயே கட்டணமின்றிக் கேட்டறிந்துகொள்ளலாம்.